முழு நேரமும் உடனிருந்தேன்

இரண்டு வருடம் ஏழு மாதம் நான் ஒரு சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அதற்கு எனக்குச் சம்பளம். கொடுத்தவர் யார் என்றால், யாரைக் கண்காணிக்க என்னை நிறுத்தினார்களோ அதே டாக்டர். இப்படி ஓர் ஏற்பாட்டை எந்த மகாபுத்திசாலி உட்கார்ந்து யோசித்தானோ, அவன் கையில் கிடைத்தால் நறுக்கென்று நாலு கேள்வி கேட்க வேண்டும் என்று இன்றைக்கும் வாய் துறுதுறுக்கிறது. ஆனால் அவனுக்கு முன்னால் கேள்வி கேட்க வேண்டிய ஆள் நான்தான். அதனால் என்னிடமிருந்தே ஆரம்பிக்கிறேன்.

என் பெயர் இர்யா கோஸ்கெலா. ஏரியின் வடகரையில் இருக்கிற இந்த ஊரின் ஆஸ்பத்திரியில் முப்பத்தாறு வருடம் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். ஓய்வு எனக்கு ஒத்துவரவில்லை. வீட்டில் உட்கார்ந்து ஜன்னல் வழியாகப் பனி விழுவதை எத்தனை நாள் பார்ப்பது? அப்போதுதான் டாக்டர் டெஸ்மண்ட் ப்ரைஸின் கிளினிக்கில் வரவேற்பு மேஜையில் இருக்கும் லோரெட்டா கூப்பிட்டாள். எனக்கு முப்பது வருடத் தோழி. கிளினிக் திறக்க வேண்டும், ஒரு கண்காணிப்பாளர் கிடைக்காமல் மூடிக் கிடக்கிறது, நீ வந்தால் ஊரே உன்னைக் கும்பிடும் என்றாள்.

விஷயம் இதுதான். ப்ரைஸ் மீது முன்பு இரண்டு பெண்கள் புகார் கொடுத்திருந்தார்கள். பரிசோதனை என்ற பெயரில் தொடக் கூடாத விதத்தில் தொட்டார் என்று. மருத்துவர்களுக்கு உரிமம் கொடுக்கவும் பிடுங்கவும் அதிகாரம் உள்ள மன்றம் விசாரித்தது. ஒன்பது மாதம் உரிமத்தை நிறுத்தி வைத்தது. நோயாளியிடம் எப்படி எல்லை தாண்டாமல் நடந்துகொள்வது என்று மூன்று நாள் வகுப்புக்கு அனுப்பியது. அவர் போனார், படித்தார், தேறினார், சான்றிதழ் வாங்கி வந்தார். அதற்குக் கண்ணாடிச் சட்டம் போட்டுப் பரிசோதனை அறையிலேயே மாட்டியும் வைத்தார். பிறகு ஒரு நிபந்தனையோடு மன்றம் உரிமத்தைத் திருப்பிக் கொடுத்தது. இனிமேல் பெண் நோயாளி யாராக இருந்தாலும், அறையில் ஒரு கண்காணிப்பாளர் இருந்தால்தான் அவர் பார்க்கலாம். அந்தக் கண்காணிப்பாளரை அவரே தேடிக்கொள்ள வேண்டும், சம்பளமும் அவரே கொடுக்க வேண்டும். மன்றம் பெயரைச் சரிபார்த்து ஒப்புதல் தரும்.

எங்கள் ஊரில் குடும்ப டாக்டர் கிடைப்பது குதிரைக்கொம்பு. பட்டியலில் பெயரைப் போட்டுவிட்டு ஆறு வருடம், ஏழு வருடம் காத்திருப்பவர்கள் உண்டு. ப்ரைஸ் இல்லாத ஒன்பது மாதமும் ஜனங்கள் ரத்த அழுத்த மாத்திரைக்குக்கூட அவசரப் பிரிவில் பத்து மணி நேரம் உட்கார்ந்திருந்தார்கள். அவர் திரும்பி வந்த அன்று வரவேற்பு மேஜை கொள்ளாமல் புளூபெர்ரி பழம் வைத்துச் சுட்ட பலகாரம் கொண்டுவந்து வைத்தார்கள். புகார் கொடுத்த இரண்டு பெண்களுக்கு யாரும் எதையும் கொண்டுபோய்க் கொடுத்ததாக நான் கேள்விப்படவில்லை. ஒருத்தி ஊரை விட்டே போய்விட்டாள். நானும் அந்தப் பலகாரத்தில் ஒரு துண்டு சாப்பிட்டேன்.

நிபந்தனையைக் கொட்டை எழுத்தில் அச்சடித்துக் காத்திருக்கும் அறையில் மாட்ட வேண்டும் என்பதும் உத்தரவு. எழுத்தின் அளவு முதற்கொண்டு மன்றமே சொல்லியிருந்தது. எந்தச் சுவரில் என்று மட்டும் சொல்லவில்லை. ப்ரைஸ் அதைக் கோட்டு மாட்டும் கொக்கிகளுக்கு மேலே மாட்டச் சொன்னார். இங்கே அக்டோபரிலிருந்து மே வரைக்கும் ஒவ்வொருவரும் போர்வை மாதிரி ஒரு கோட்டு போட்டுக்கொண்டு வருகிறோம். முதல் நாலு பேர் வந்து மாட்டியதும் அறிவிப்பு காணாமல் போய்விடும். மன்றத்தின் ஆய்வாளர் ஜூலை மாதம் வந்தார். வெறும் கொக்கிகளுக்கு மேல் அறிவிப்பு பளிச்சென்று தெரிந்தது. அளவுகோல் வைத்து எழுத்தை அளந்து, படம் எடுத்துக்கொண்டு, திருப்தியாகப் போனார். அன்றைக்கு லோரெட்டா என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினாள். நான் சிரித்தேன். அதை நினைத்தால் இப்போது என் வாயில் நானே போடலாம் போலிருக்கிறது.

எனக்கும் பயிற்சி உண்டு. அரை நாள், கணினியில் காணொளி. நோயாளியின் முகமும் டாக்டரின் இரண்டு கைகளும் ஒரே நேரத்தில் தெரிகிற இடத்தில் நிற்க வேண்டும் என்று அதில் ஒரு பெண்மணி மூன்று தடவை சொன்னாள். கடைசியில் இருபது கேள்வி. இருபதும் சரியாகப் பதில் சொன்னேன். ஆகவே எனக்குத் தெரியாது என்று சொல்லித் தப்பிக்க வழியே இல்லை.

முதல் வாரம் சொன்னபடிதான் நின்றேன். இரண்டாவது வாரம் லெஹ்டினன் கிழவி வந்தாள், பின்லாந்திலிருந்து வந்து குடியேறிய எங்கள் ஜனங்களின் சர்ச்சில் எனக்கு இரண்டு வரிசை முன்னால் உட்காருகிறவள். துணி மாற்றிக்கொண்டு படுத்தவள், இவள் என்ன என்னையே முழிச்சு முழிச்சுப் பாக்கறா என்று முனகினாள். எனக்குக் காது வரைக்கும் சூடேறியது. அன்று மாலை ப்ரைஸ் என்னைக் கூப்பிட்டார். நல்ல மனிதர்கள் பேசுகிற குரல் அவருக்கு.

"இர்யா, உங்க வேலைய நான் குறை சொல்லல. ஆனா அவங்க கூச்சப்படறாங்க. நீங்க அறைக்குள்ள இருக்கணும், அதுதானே விதி? கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்பி நின்னீங்கன்னா அவங்களுக்கும் ஒரு மரியாதை."

இதை இத்தாலிக்காரி ஒருத்தியிடம் சொல்லியிருந்தால் சிரித்திருப்பாள். எங்களிடம் சொன்னார், பலித்துவிட்டது. நாங்கள் பிறந்ததிலிருந்து சனிக்கிழமைதோறும் சவுனா என்கிற நீராவிக் குளியல் அறையில் உட்கார்ந்து வளர்ந்தவர்கள். அத்தை, பக்கத்து வீட்டுக்காரி, பள்ளிக்கூட டீச்சர் என்று எல்லாரும் துணியில்லாமல் ஒரே பலகையில் உட்கார்ந்து வியர்த்துக்கொண்டிருப்போம். யாரும் யாரையும் பார்க்க மாட்டோம். சின்ன வயதில் யாரையாவது உற்றுப் பார்த்தால் அம்மா தொடையில் ஒரு கிள்ளு கிள்ளுவாள். பார்க்காமல் இருப்பதுதான் நாகரிகம் என்று தோலிலேயே எழுதி வளர்த்துவிட்டார்கள். துணியில்லாத உடம்பின் முன்னால் முகத்தைத் திருப்புவது எனக்கு மூச்சு விடுகிற மாதிரி. அவர் சொல்லி முடிப்பதற்குள் நான் திரும்பிவிட்டேன்.

அன்றிலிருந்து சுவர். ஒவ்வொரு நோயாளி போன பிறகும் டாக்டர் தன் குறிப்பை எழுதுவார். அதன் கீழே நான் எழுதுவேன்: முழு நேரமும் உடனிருந்தேன், தகாதது எதுவும் நிகழவில்லை. கீழே கையெழுத்து. மாதக் கடைசியில் எல்லாவற்றுக்கும் நகல் எடுத்து மன்றத்துக்கு அனுப்புவோம். எல்லாம் கிடைத்தது, நன்றி என்று பதில் வரும். நீங்கள் எந்தப் பக்கம் பார்த்து நின்றீர்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை.

ரேலின் மீகிஸ் வந்தது பிப்ரவரியில். இருபத்திரண்டு வயது. வடக்கே, பூர்வகுடிகள் வாழ்கிற சாலை கிடையாத ஊர், சின்ன விமானத்தில் ஏறி இங்கே கல்லூரியில் படிக்க வந்திருந்தாள். தலைவலி மாத்திரைக்குச் சீட்டு வேண்டும் என்று வந்தாள். ப்ரைஸ் அவளிடம் படிப்பைப் பற்றி விசாரித்தார், ஊரில் யார் இருக்கிறார்கள், இங்கே யாராவது சொந்தம் உண்டா என்று கேட்டார். இல்லை என்றாள். வயிற்றையும் ஒரு தடவை பார்த்துவிடலாம், உள்பரிசோதனை செய்து ரொம்ப நாளாயிற்று போலிருக்கிறதே என்றார். இப்ப நான் என்ன செய்யப் போறேன்னு முதல்லயே சொல்லிடறேன், சரியா என்றார். இந்த வாக்கியம் அவர் மூன்று நாள் வகுப்பில் படித்தது. என் அரை நாள் காணொளியிலும் வந்தது. அனுமதி கேட்பது எப்படி என்று அவருக்கு அட்சரம் பிசகாமல் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். கேட்பதும் ஒரு திறமைதானே, கற்றுக்கொண்டார்.

நான் சுவரைப் பார்த்துத் திரும்பினேன். காகிதம் சரசரத்தது. கொஞ்ச நேரம் கழித்து அவள் குரல்.

"தலைவலிக்கு இது எதுக்கு?"

டாக்டர் பதில் சொல்லவில்லை. அந்த மௌனம் எனக்குத்தான் தர்மசங்கடமாக இருந்தது. அதை நிரப்ப வேண்டும் என்று தோன்றியது. சுவரைப் பார்த்தபடியே நான் பதில் சொன்னேன்.

"சீக்கிரம் முடிஞ்சிடும்மா. டாக்டருக்குத் தெரியும்."

அவள் போனதும் நான் கையெழுத்துப் போட்டேன்.

ஏப்ரலில் மன்றத்திலிருந்து கடிதம் வந்தது. ரேலின் புகார் கொடுத்திருந்தாள். கையுறை இல்லாமல் தொட்டார், பரிசோதனைக்குத் தேவையில்லாததைச் செய்தார் என்று எழுதியிருந்தாள். எனக்கு வந்த கோபம் டாக்டர்மீது அல்ல, அவள்மீது. நான் அங்கே குத்துக்கல்லாக நின்றுகொண்டிருந்தேன், என்னையும் சேர்த்தா இந்தப் பெண் பொய்யாக்குகிறாள் என்று லோரெட்டாவிடம் பொரிந்து தள்ளினேன். லோரெட்டா அதற்கு மேலே. இதுங்களுக்கு டாக்டர் கிடைச்சதே பெரிசு என்றாள். அந்த 'இதுங்க' என் காதில் விழுந்தது. நான் அதை விழாத மாதிரியே வைத்துக்கொண்டேன். எனக்கு அது கைவந்த கலை.

மே மாதத்தில் ஒரு நாள் மளிகைக் கடையில் வரிசையில் நிற்கிறேன். முன்னால் நின்றவள் திரும்பினாள், ரேலின். அவளுக்கு என்னை உடனே அடையாளம் தெரியவில்லை. தெரிந்திருக்க நியாயமும் இல்லை, பாதி நேரம் என் முதுகைத்தானே பார்த்தாள். நான்தான் அவசரப்பட்டு வாயைத் திறந்தேன். நீ எழுதினது நியாயமா, நான் அந்த அறையிலேயே இருந்தேனே என்றேன். பின்னால் நின்றவர்கள் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவள் கையில் இருந்த ரொட்டியை மறுபடி கூடைக்குள் வைத்தாள். கத்தவில்லை.

"ஆமா, நீங்க இருந்தீங்க. அதனாலதான் நான் எந்திரிச்சுப் போகல. ஒரு நர்ஸ் நிக்கறாங்க, அப்ப இது இப்படித்தான் போலன்னு நினைச்சேன். நீங்க இல்லன்னா அந்த ஆளத் தள்ளிவிட்டுட்டு ஓடியிருப்பேன்."

கூடையை அங்கேயே வைத்துவிட்டுப் போய்விட்டாள். காசாளர் பெண் என்னை அடுத்து என்று கூப்பிட்டாள். நான் என்ன வாங்கினேன், எப்படி வீட்டுக்கு வந்தேன் என்று நினைவில்லை. அவள் சொன்னதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன், அதில் ஓட்டை கண்டுபிடிக்க முடியவில்லை.

அடுத்த நாள் மதிய இடைவேளையில், டாக்டர் வெளியே போயிருந்தபோது, லோரெட்டாவைப் பரிசோதனை அறைக்குக் கூப்பிட்டேன். நான் நிற்கிற இடத்தில், நான் நிற்கிற மாதிரி அவளை நிற்கச் சொன்னேன். நான் மேஜைமேல் ஏறிப் படுத்தேன்.

"உனக்கு என்ன பைத்தியமா?" என்றாள் லோரெட்டா.

"வாய மூடிட்டு நில்லு."

படுத்த இடத்திலிருந்து பார்த்தால் மேலே விளக்கு, பக்கவாட்டில் சட்டம் போட்ட சான்றிதழ், அதற்கு அந்தப் பக்கம் லோரெட்டாவின் முதுகு. கம்பளிச் சட்டை, குட்டை முடி, இடுப்பில் சாவிக்கொத்து. இவ்வளவுதான். உதவி வேண்டும் என்று பார்க்கிறவளுக்கு அந்த அறையில் தெரிவது ஒரு முதுகு. வெறும் காலி அறையாக இருந்தால்கூட ஒருத்தி கத்தலாம். தெரிந்தே திரும்பி நிற்கிற ஒரு முதுகிடம் எப்படிக் கத்துவாள்? நான் எழுந்து உட்கார்ந்து அழுதேன். துக்கத்தில் அல்ல, ஆத்திரத்தில். லோரெட்டா திரும்பிப் பார்க்காமல் வெளியே போய்விட்டாள்.

அன்றைக்கே வேலையை விட்டேன். ப்ரைஸ் வாசல் வரைக்கும் வந்தார். முகம் வாடவில்லை, குரல் ஏறவில்லை.

"உங்க மனசு எனக்குப் புரியுது இர்யா. விசாரணையில நீங்க புதுசா எதுவும் சொல்ல வேண்டாம். நீங்களே எழுதினது இருக்கில்ல, அத மட்டும் சொன்னாப் போதும். வேற மாதிரி சொன்னா நீங்க எழுதின எல்லாமே பொய்னு ஆயிடும். உங்க உரிமமும் போயிடும். முப்பத்தாறு வருஷ நல்ல பேரு."

அவர் மிரட்டவில்லை, அக்கறையாகத்தான் சொன்னார். அந்த அக்கறையில் ஒரு செங்கல்லை வைத்து அடிக்கலாம் போலிருந்தது. ஆனால் அவர் சொன்னதில் பொய்யும் இல்லை.

விசாரணை நவம்பரில், ஏரிக்கரை ஹோட்டல் ஒன்றின் கூட்ட அறையில் நடந்தது. காலையில் தாழ்வாரத்தில் காப்பி இயந்திரத்துக்குப் பக்கத்தில் ரேலின் தனியாக நின்றுகொண்டிருந்தாள். சாட்சிகள் ஒருவரோடொருவர் வழக்கைப் பற்றிப் பேசக் கூடாது என்று எங்களுக்குச் சொல்லியிருந்தார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டு கடந்து போகப் பார்த்தேன். அவள் விடவில்லை.

"பாத்தேன்னு சொல்லுங்க."

நான் நின்றேன்.

"நீங்க பாத்தேன்னு ஒரு வார்த்தை சொன்னா எல்லாரும் நம்புவாங்க. நான் சொன்னா நம்ப மாட்டாங்க. உங்களுக்கே தெரியும்ல?"

தெரியும். அவளுக்கு நான் செய்ய முடிந்த ஒரே உதவி அதுதான். பார்த்தேன் என்று சொன்னால் போதும், அந்த ஆள் ஒழிந்தான். நடந்தது உண்மை என்று எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் பார்க்காததைப் பார்த்தேன் என்று சொல்லித்தானே நான் இத்தனை நாள் சோறு தின்றேன். எந்த வாயால் மறுபடியும் சொல்வது? சொன்னால், ப்ரைஸின் வக்கீல் இரண்டே கேள்வியில் அதை உடைத்துவிடுவான், அதோடு அவளும் உடைந்துபோவாள். சொல்லாவிட்டால் அவள் மறுபடியும் தனியாக நிற்பாள். அவளைத் தாண்டி உள்ளே போனேன். அவள் முகத்தில் வந்த கசப்பைப் பார்த்துக்கொண்டேதான் போனேன்.

மேஜைக்கு அந்தப் பக்கம் மன்றத்தின் விசாரணைக் குழுவினர் மூன்று பேர். இரண்டு பேர் டாக்டர்கள், அதில் ஒரு அம்மாள் தலைவர். மூன்றாவது ஆள் பொதுமக்கள் சார்பில் வந்தவர், ஓய்வு பெற்ற பஸ் ஓட்டுநர், பெயர் சாண்ட்விக். ப்ரைஸ் தன் வக்கீலின் பக்கத்தில் நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்திருந்தார்.

அந்த வக்கீல், ரேலினைப் பற்றிய குறிப்பை எடுத்து என் முன்னால் வைத்தான். இது உங்கள் கையெழுத்துதானே என்றான். ஆமாம் என்றேன். முழு நேரமும் உடனிருந்தீர்களா என்றான். இருந்தேன் என்றேன். தகாதது எதுவும் நிகழவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள் என்றான்.

"நான் எழுதினது பொய். நிகழ்ந்துச்சா இல்லையான்னு நான் பாக்கல. சுவத்தப் பாத்து நின்னுட்டிருந்தேன். அன்னிக்கு மட்டும் இல்ல, எல்லா நாளும்."

வக்கீல் இதற்குத் தயாராகத்தான் வந்திருந்தான். அப்படியானால் இத்தனை கையெழுத்தும் பொய்யா என்றான். எல்லாம் பொய் என்றேன். இத்தனை தடவை பொய் எழுதியவரின் பேச்சை இன்றைக்கு மட்டும் எப்படி நம்புவது என்றான். நம்ப வேண்டாம் என்றேன். சரி, அப்படியென்றால் மிஸ் மீகிஸ் சொல்வதையும் நீங்கள் பார்க்கவில்லை, இல்லையா என்றான். பார்க்கவில்லை என்றேன். பின் வரிசையில் ரேலின் நாற்காலியை இழுக்கும் சத்தம் கேட்டது. வக்கீல் வேறு கேள்வி இல்லை என்று உட்கார்ந்தான். உண்மையைச் சொன்னேன், அது அவர்களுக்குத்தான் உதவியாகப் போனது.

தலைவர் அம்மாள் என்னைப் போகச் சொல்ல வாயெடுத்தார். அப்போது பஸ் ஓட்டுநர் சாண்ட்விக் கையைத் தூக்கினார்.

"சும்மா தெரிஞ்சுக்கத்தான் கேக்கறேன். சுவத்தையே பாத்துட்டு நின்னேன்னு சொல்றீங்க. சுவத்துல என்னம்மா இருந்துச்சு?"

யாரோ லேசாகச் சிரித்தார்கள். நான் சொல்ல ஆரம்பித்தேன். மருந்துக் கம்பெனி காலண்டர் ஒன்று. மின்சாரப் பொத்தான். அதற்குப் பக்கத்தில் கம்பிக் கூடையில் கையுறைப் பெட்டிகள் மூன்று, சின்னது, நடுத்தரம், பெரியது. அவ்வளவுதான் என்று சொல்லப் போனவள் நிறுத்தினேன்.

பெரியது ப்ரைஸுக்கு. என் மூக்குக்கு நேரே இருந்தது. அவர் கையுறை எடுக்க வேண்டுமானால் என் தோளுக்கு மேல் கையை நீட்டித்தான் எடுக்க வேண்டும். ஒவ்வொரு தடவையும், மன்னிக்கணும் இர்யா என்பார். நான் ஒரு அடி நகர்ந்து வழிவிடுவேன். எங்கள் ஊரில் யாரும் யாரையும் உரசிக்கொண்டு எதையும் எடுக்க மாட்டார்கள்.

சாண்ட்விக் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். வேறு எங்கேயாவது கையுறை வைத்திருப்பார்களா என்றார். கிடையாது, அந்த அறைக்குப் பொருள் எடுத்து வைக்கிறவளே நான்தான் என்றேன்.

"அந்தப் பொண்ணு வந்த அன்னிக்கு அவரு மன்னிக்கணும்னு சொன்னாரா?"

"சொல்லல. கையும் நீட்டல. நான் இருந்த இடத்த விட்டு நகரவே இல்ல."

குறிப்பில் உள்பரிசோதனை செய்யப்பட்டது, கையுறை அணிந்து, என்று அவர் கைப்படவே எழுதியிருந்தார். தலைவர் அம்மாள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதை எடுத்து இன்னொரு தடவை படித்தார்.

வக்கீல் துள்ளி எழுந்தான். அந்த அவசரத்தில்தான் அவன் கோட்டை விட்டான். ஒன்பது மாதத்துக்கு முன்னால் ஒரு ஆள் கையை நீட்டினானா இல்லையா என்பது மட்டும் உங்களுக்கு எப்படி நினைவிருக்கிறது, வசதியாக இந்த ஒரு நோயாளியிடம் மட்டும் நினைவிருக்கிறதே என்று குத்தலாகக் கேட்டான்.

"இந்த ஒருத்தி மட்டும் இல்ல."

சொன்ன பிறகுதான் அது எனக்கே உறைத்தது. நான் நகர வேண்டியிராத நாட்கள் எனக்குத் தெரியும். அவர் குறிப்பில் உள்பரிசோதனை என்று படித்து, இன்றைக்கு என்னை நகரச் சொல்லவில்லையே என்று ஒரு கணம் தோன்றி, அந்த எண்ணத்தை அப்படியே மடித்துவைத்துவிட்டுக் கையெழுத்துப் போட்ட நாட்கள். தெரியாமல் இல்லை. தெரிந்துகொள்ள எனக்கு மனமில்லை. முகங்கள் வரிசையாக வந்தன. பேக்கரியில் வேலை செய்கிறவள், கர்ப்பமாக இருந்த இரட்டைச் சடைக்காரி, இங்கிலீஷ் சரியாக வராத புதுக் குடியேறி. எல்லாருமே இளம் பெண்கள், பெரும்பாலும் கூட யாரும் வராதவர்கள். லெஹ்டினன் கிழவிக்கு ஒவ்வொரு தடவையும் கையுறை எடுத்தார். நான் முதல் பெயரைச் சொல்ல வாயைத் திறந்தேன். தலைவர் அம்மாள் உடனே தடுத்தார். அவர்களின் பெயர்கள் இங்கே வேண்டாம், எண்ணிக்கை மட்டும் சொல்லுங்கள் என்றார். வக்கீல் ஆட்சேபம் என்றான். கேள்வி நீங்கள் கேட்டதுதான், பதில் வரட்டும் என்றார்.

நான் விரல்விட்டு எண்ணினேன். நேரம் பிடித்தது. ஒருவரும் என்னை அவசரப்படுத்தவில்லை.

"பதினொண்ணு."

ப்ரைஸ் பேனாவை மூடினார். முதல் தடவையாக அவர் என்னைப் பார்த்தார். நல்ல மனிதர்களின் முகம் அதில் இல்லை.

மற்றவை பிறகு நடந்தவை. மன்றம் பதினோரு பேரையும் தேடிப் போனது, ஏழு பேர் பேசினார்கள். ப்ரைஸின் உரிமம் நிரந்தரமாகப் போனது. என் உரிமத்தை நர்ஸுகளின் மன்றம் பறித்தது, நான் எதிர்த்து வாதாடவில்லை. கண்காணிப்பாளருக்கு டாக்டரே சம்பளம் கொடுக்கிற ஏற்பாடு இன்றைக்கும் அப்படியேதான் இருக்கிறது. மாற்றச் சொல்லி நான் மாதம் ஒரு கடிதம் எழுதுகிறேன். கிடைத்தது, நன்றி என்று பதில் வருகிறது. ஊரில் இரண்டாயிரம் பேருக்கு மறுபடியும் டாக்டர் இல்லை, அதற்கு என்னைத்தான் திட்டுகிறார்கள். தபால் நிலையத்தில் ஒருத்தி, உன் வாய் நமநமப்புக்கு என் பையனுக்கு இன்சுலின் சீட்டு எழுத ஆள் இல்லை என்றாள்.

ஆனால் அன்று மதியம் நடந்ததைச் சொல்லியாக வேண்டும். சாட்சியம் முடிந்து தாழ்வாரத்துக்கு வந்தேன். ரேலின் பின்னாலேயே வந்தாள். நன்றி சொல்லப் போகிறாள் என்று எனக்குள் ஒரு கேவலமான ஆசை இருந்தது, மறைத்து என்ன பயன். அவள் என் எதிரே வந்து நின்றாள்.

"அந்தப் பதினொண்ணுல நான் எத்தனாவது?"

பொய் சொல்லலாம் என்று ஒரு நொடி தோன்றியது. முதல் ஆள் என்று சொன்னால் அவளுக்கும் எனக்கும் கொஞ்சம் லேசாக இருக்கும்.

"ஒம்பதாவது" என்றேன்.

அவள் தலையை மட்டும் ஆட்டினாள். பிறகு லிஃப்ட் வந்தது. நானும் கீழேதான் போக வேண்டும். அவள் உள்ளே ஏறி, நான் காலை எடுத்து வைப்பதற்குள் கதவு மூடும் பொத்தானை அழுத்தினாள்.